கம்பை வெட்டினார்கள், கை தப்பியது!

“அயிரையை விட்டு வராலைப் பிடிக்கிறான்” என்று நம் ஊரில் சொல்வது உண்டு. சின்னதைக் கொடுத்துப் பெரியதை வாங்குகிற சாமர்த்தியசாலியைப் பற்றிய பேச்சு அது.

அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இந்தப் பழமொழி தெரியாது. ஆனால் காரியம் தெரியும்!

அங்கே பெரிய மீன் பிடிக்க வேண்டுமானால் முதலில் சின்ன மீன் பிடிக்க வேண்டும். அதுவும் உயிரோடு பிடிக்க வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு தூண்டில் கம்பு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கம்பைப் பற்றியதுதான் இந்தக் கதை. கடையில் வாங்கிய கம்பை அவர்கள் ஏன் ரம்பம் வைத்து அறுக்கிறார்கள்? நல்ல கம்பை அறுப்பதில் என்ன லாபம்?

லாபம் இருக்கிறது. அறுக்காவிட்டால் கைக்கு ஆபத்து. சில சமயம் உயிருக்கே ஆபத்து!

விடியற்காலைப் பயணம்

கலிபோர்னியாவின் தென் கோடியில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில், சான் டியாகோ என்ற பெரிய நகரம் இருக்கிறது. அதன் ஒரு பகுதி லா ஹோயா. அழகான கடற்கரை. குளிக்க வருகிறவர்களின் கூட்டம் பகல் முழுவதும் இருக்கும்.

ஆனால் விடிவதற்கு முன்னால் அங்கே வருகிற கூட்டம் வேறு. மோட்டார் வண்டியின் கூரையில் ஆளுக்கு ஒரு சின்னப் படகைக் கட்டிக்கொண்டு வருவார்கள். படகை இறக்குவார்கள். அதற்குச் சிறு சக்கரங்கள் மாட்டி, மணலில் இழுத்துச் செல்வார்கள். அலையைத் தாண்டி, இருட்டில் கடலுக்குள் போவார்கள்.

ஒரு படகில் ஒரே ஆள். எஞ்சின் கிடையாது. பாய் கிடையாது. துடுப்புதான். இந்தப் படகுக்குப் பெயர் கயாக்.

ஏன் லா ஹோயாவுக்கு வருகிறார்கள்? அங்கே கரைக்கு மிக அருகில் கடலுக்கு அடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஒரு மைல் போவதற்குள் ஆழம் நூற்றுக்கணக்கான அடியாகிவிடும். பக்கத்திலேயே கடல் பாசிக் காடு. ‘கெல்ப்’ என்ற அந்தப் பாசி, நல்ல காலத்தில் ஒரு நாளில் இரண்டு அடி வரைகூட வளரும்! பாசிக் காட்டில் சின்ன மீன் ஒளிந்திருக்கும். சின்ன மீன் இருக்கும் இடத்துக்குப் பெரிய மீன் வரும்.

பெரிய மீன் வருகிற இடத்துக்கு மனிதனும் வருகிறான்!

இடம் நல்ல இடம்தான். ஆனால் இஷ்டப்படி தூண்டில் போட முடியாது. அந்த வளைகுடாவின் ஒரு பகுதியில் எந்த மீனையும் பிடிக்கக் கூடாது என்று 2012-ல் கண்டிப்பான விதி வந்தது. எல்லையைத் தாண்டிய பிறகுதான் நரம்பு தண்ணீரில் இறங்க வேண்டும்.

தண்ணீரோடு தண்ணீராக

கயாக் என்பது இன்று நேற்று வந்த படகு அல்ல. வட துருவத்துக்கு அருகே பனிக் கடலில் வாழும் இனூயிட் மக்கள் செய்த படகு அது. மரச் சட்டம் கட்டி, மேலே சீல் என்ற கடல் மிருகத்தின் தோலைப் போர்த்துவார்கள்.

அதில் ஒரு விசேஷம் உண்டு. படகை அவரவர் உடம்பு அளவுக்குச் செய்தார்கள். தையற்காரர் சட்டைக்கு அளவு எடுப்பதைப் போல! வேட்டைக்காரன் தன் ஈட்டியையும் கயிற்றையும் படகின் மேல்தட்டில், தன் கை எட்டும் தூரத்தில்தான் வைத்துக்கொள்வான். எட்டாத சாமான் கடலில் உதவாத சாமான் என்பது அவனுக்குத் தெரியும்.

இன்று மீன் பிடிக்கப் போகும் கயாக் தோலால் ஆனது அல்ல. கெட்டியான பிளாஸ்டிக். 12 அடி முதல் 14 அடி நீளம். அகலம் சுமார் இரண்டரை அடி. ஆள் படகுக்குள்ளே இறங்கி உட்காருவதில்லை, மேலே உட்காருகிறான். அலைத் தண்ணீர் மேலே ஏறினால், அடிவரை குடைந்த துளைகளின் வழியாகத் தானே வடிந்துவிடும்.

படித்ததும் உங்களுக்கு எதுவோ நினைவு வருகிறதா? நம் கட்டுமரம்தான்! கட்டுமரத்திலும் மீனவர் மேலேதான் உட்காருகிறார். ஏறிய தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடுகிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. கலிபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டர் என்று ஒருவர் இருந்தார். அலைச் சறுக்குப் பலகை செய்து புகழ் பெற்றவர். 1960-களின் பிற்பகுதியில் இரட்டை உடல் கொண்ட பாய்ப் படகு ஒன்றைச் செய்தார். அதன் பெயர் ‘ஹோபி கேட்’. ‘கேட்’ என்பது ‘கேட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அந்தச் சொல் நம் ‘கட்டுமரம்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது!

அந்தக் கம்பெனிதான் 1997-ல் காலால் மிதித்து ஓட்டும் கயாக்கைக் கொண்டுவந்தது. காலால் மிதித்தால், படகின் அடியில் இரண்டு துடுப்புகள் பறவையின் சிறகு போல அசையும். துடுப்புப் போட வேண்டாம் என்பதால் இரண்டு கைகளும் தூண்டிலுக்கு மிச்சம். கயாக்கில் மீன் பிடிக்கிறவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதமாகப் போயிற்று.

முதலில் சின்ன மீன்

லா ஹோயாவில் எல்லோரும் தேடுவது இரண்டு மீன்களை. ஒன்று ‘மஞ்சள் வால்’. நம் பாரை மீனின் இனம். கடலில் ஓட்டப் பந்தயம் வைத்தால் பரிசு வாங்கும். 10 பவுண்டு, 20 பவுண்டு எடை சாதாரணம். தூண்டிலில் மாட்டினால் கயாக்கையும் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்!

மற்றொன்று ‘வெள்ளைக் கடல் பாஸ்’. நம் கத்தாழை மீனின் இனம். 28 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது கலிபோர்னியாச் சட்டம்.

இவை இரண்டும் செத்த இரையையும் தின்னும். ஆனால் உயிரோடு துள்ளும் இரையை விரும்பித் தின்னும். அதிலும் கானாங்கெளுத்தி என்றால் உயிர். நம் ஊர்க் கானாங்கெளுத்திக்கு உறவான ஒரு மீன் அந்தக் கடலில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. அதுதான் இரை.

எனவே கடலுக்குப் போனதும் முதல் வேலை, நாலைந்து கானாங்கெளுத்தியை உயிரோடு பிடிப்பது. இந்த வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தால் அன்றைக்கு நல்ல நாள். முடியாவிட்டால் பெரிய தூண்டில்கள் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

ஆறு முள் மாலை

சின்ன மீனை ஒவ்வொன்றாகப் பிடித்தால் பொழுது போய்விடும். ஆகையால் ஒரே நரம்பில் ஆறு முள் கட்டுகிறார்கள். இதற்கு ‘சபிக்கி’ என்று பெயர். ஜப்பானியச் சொல்.

நரம்பு ஐந்தடி அல்லது ஆறடி நீளம் இருக்கும். அதிலிருந்து கிளை கிளையாகச் சின்னச் சின்ன நரம்புகள். ஒவ்வொரு கிளையின் முனையிலும் பொடி முள். அதன்மேல் பளபளப்பான மீன் தோலின் ஒரு துணுக்கு. அடியில் ஈயக் குண்டு. தண்ணீரில் இறக்கி மேலும் கீழும் ஆட்டினால், பொடி மீன்கள் நீந்துவதைப் போலத் தெரியும். கானாங்கெளுத்தி ஏமாந்து கவ்வும். கூட்டம் நல்ல கூட்டமாக இருந்தால் ஒரே இழுப்பில் மூன்று, நான்கு மீன் வரும்!

ஜப்பானில் இது குடும்பத்தோடு விளையாடும் விளையாட்டு. துறைமுகச் சுவரில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து இந்தத் தூண்டிலைப் போடுவார்கள். நரம்போடு ஒரு சிறு கூடையைக் கட்டி, அதில் கூனி இறால் போன்ற பொடி இறாலை நிரப்பி இறக்குவார்கள். இறால் தண்ணீரில் சிதறும். அதைத் தின்ன மீன் வரும். அங்கே தரை அசையாது. பிள்ளை கையில் முள் குத்தினால் எடுத்துவிட அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள்.

கயாக்கில் தரை அசையும். பக்கத்தில் யாரும் இல்லை.

கையும் மீனும் ஒரே நரம்பில்!

சாதாரணத் தூண்டில் கம்பில் இந்த ஆறு முள் மாலையைக் கட்டினால் என்ன ஆகும்?

கம்பின் மேலே நரம்பு ஓடுவதற்கு வளையங்கள் இருக்கும். முதல் முள் நுனி வளையத்தில் வந்து முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் சுற்ற முடியாது. மிச்சம் ஐந்தடி மாலையும் வெளியே தொங்கும். காற்றில் ஆடும்.

பெரிய படகில் நிற்கிறவன் கம்பை மேலே தூக்கிச் சமாளித்துவிடுவான். கயாக்கில் இருப்பவன் தண்ணீருக்குச் சில அங்குலம் மேலே உட்கார்ந்திருக்கிறான். எழுந்து நிற்க முடியாது. அவன் கம்பைத் தூக்கினால் முட்கள் அவன் முகத்துக்கு நேராக வரும்!

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இப்படி நினைத்துப் பாருங்கள்:

மாலையில் ஒரு மீன் மாட்டியிருக்கிறது. அதைக் கழற்றக் கையை நீட்டுகிறான். மீன் துள்ளுகிறது. பக்கத்தில் காலியாக ஆடிக்கொண்டிருந்த முள் அவன் விரலில் ஏறிவிடுகிறது. இப்போது மீனும் விரலும் ஒரே நரம்பில்! மீன் ஒவ்வொரு தடவை துள்ளும்போதும் முள் இன்னும் ஆழமாக இறங்குகிறது. படகோ ஆடுகிறது. ஒரு கையால் துடுப்புப் போட முடியாது. காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது...

லா ஹோயாவில் குளிர்காலக் கடல் தண்ணீர் சுமார் 15 டிகிரி சென்டிகிரேட். கவிழ்ந்தால் உடம்பு சீக்கிரம் விறைத்துவிடும். மிதவைச் சட்டையிலும் வலையிலும் முள் மாட்டிக்கொண்ட நிலையில் தண்ணீரில் விழுந்தால், திரும்பப் படகில் ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டை விரல் நகம் அளவுகூட இல்லாத பொடி முள்தான். ஆனால் அது பண்ணுகிற வேலை!

குழாய்க்குள் ஒளியும் முட்கள்

இதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். அதுதான் குழாய்க் கம்பு.

இந்தக் கம்பின் மேலே வளையங்கள் இல்லை. கம்பு உள்ளே கூடாக இருக்கிறது. ரீலிலிருந்து வரும் நரம்பு, ரீலுக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு துவாரத்தின் வழியாகக் கம்புக்குள் நுழைகிறது. உள்ளேயே ஓடி, நுனி வழியாக வெளியே வருகிறது. நுனியில் எண்ணெய் ஊற்றும் புனலைப் போல ஒரு வாய் இருக்கிறது.

மீன் பிடித்து முடிந்ததும் ரீலைச் சுற்ற வேண்டியதுதான். ஆறு முள்ளும் ஒவ்வொன்றாகப் புனலுக்குள் நுழைந்து குழாய்க்குள் மறைந்துவிடும். கடைசியில் ஈயக் குண்டு வந்து புனலை அடைத்துக்கொண்டு நிற்கும். வெளியே ஒரு முள்கூடத் தெரியாது. பாம்பு புற்றுக்குள் போனதைப் போல!

மீனைக் கழற்றுவதும் சுலபம். மேலே உள்ள மீன் புனல் வாய்க்கு வந்ததும் அதைக் கழற்ற வேண்டும். காலியான முள்ளைக் குழாய்க்குள் இழுத்துவிட வேண்டும். பிறகு அடுத்த மீன் வாய்க்கு வரும். ஒரு சமயத்தில் ஒரு மீன். மேலே காலி முள் ஆடிக்கொண்டிருக்காது.

நல்ல ஏற்பாடு அல்லவா? ஆனால் இந்தக் கம்பைப் பெரிய மோட்டார் படகில் நிற்கிறவர்களுக்காகச் செய்தார்கள். ஏழு அடி, எட்டு அடி நீளம்!

எட்டடிக் கம்பும் இரண்டடிக் கையும்

உட்கார்ந்திருக்கிற மனிதனின் கை எவ்வளவு தூரம் எட்டும்? இரண்டு அடி. இரண்டரை அடி.

எட்டடிக் கம்பின் அடியை ஒரு கையில் பிடித்தால், நுனி ஆறு அடிக்கு அப்பால் கடலின் மேல் இருக்கும். மீன் அந்த நுனியில்தான் தொங்குகிறது. அதை எப்படிக் கழற்றுவது?

கம்பைத் தோளுக்குப் பின்னால் தள்ள வேண்டும். அடிப்பகுதி பின்னால் உள்ள மற்றத் தூண்டில்களில் இடிக்கும். உடம்பைத் திருப்பினால் படகு சாயும். படகுக்கு வெளியே எட்டிப் பிடிக்கலாம் என்றால், கவிழ்வதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது!

கரைக்குத் திரும்பும்போது இன்னொரு தொல்லை. கரையோரத்தில் அலை உடையும். கயாக் அங்கேதான் பெரும்பாலும் கவிழும். எட்டடிக் கம்பைப் படகின் வயிற்றுக்குள் சொருக முடியாது. மேலே நட்டு வைத்தால் அலை ஒடித்துவிடும்.

ஆகவேதான் ரம்பத்தை எடுக்கிறார்கள்!

எங்கே வெட்டுவது?

வெட்டுவது என்று முடிவானாலும் கண்ட இடத்தில் வெட்டக் கூடாது. கணக்கு இருக்கிறது.

முதலில் வெட்ட வேண்டியது பின்பக்கம். ரீலுக்குப் பின்னால் ஒரு அடி, ஒன்றரை அடி பிடி நீட்டிக்கொண்டிருக்கும். நிற்கிறவன் அதை இடுப்பில் ஊன்றிக்கொள்வான். உட்கார்ந்திருப்பவனுக்கு அது மிதவைச் சட்டையில் சிக்குவதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை. ஒரு கை பிடிக்கிற அளவு விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துவிடலாம். குழாயின் நீளம் இதனால் குறைவதில்லை. நஷ்டம் இல்லாத வெட்டு இது!

அதன் பிறகும் கம்பு நீளமாக இருந்தால் நுனியை வெட்ட வேண்டும். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்.

முள் மாலை முழுவதும் குழாய்க்குள் அடங்க வேண்டும். அதாவது நரம்பு நுழையும் துவாரத்திலிருந்து நுனி வரை உள்ள தூரம், மாலையின் நீளத்தைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். இது தவறினால் மேல் முள் ரீலில் வந்து சிக்கும். அல்லது அடி முள் வெளியே தொங்கும். எந்த ஆபத்துக்குப் பயந்து குழாய்க் கம்பு வாங்கினோமோ, அதே ஆபத்து திரும்பி வந்துவிடும்.

எட்டடிக் கம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்பிடி ஒரு அடி. ரீல் இருக்கும் இடம் அரை அடி. மிச்சம் ஆறரை அடி குழாய். பிடியில் முக்கால் அடியும், நுனியில் மூன்று அடியும் எடுத்துவிட்டால் கம்பு நாலேகால் அடியாகிவிடும். குழாய் மூன்றரை அடி. இந்த நீளத்தை உட்கார்ந்தபடியே சமாளிக்கலாம். ஒரு கை ரீலில், மறு கை புனல் வாயில். படகின் வயிற்றுக்குள்ளும் சொருகலாம்.

ஆனால் மூன்றரை அடிக் குழாய்க்குள் ஐந்தரை அடி மாலை எப்படி அடங்கும்?

ஆறு மூன்றாகிறது

அடங்காது. ஆகையால் மாலையையும் வெட்டுகிறார்கள்! ஆறு முள் மாலையை நடுவில் வெட்டினால் மூன்று முள் மாலை இரண்டு கிடைக்கும். ஒன்றை இன்றைக்கு உபயோகிக்கலாம். மற்றொன்றை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு விலையில் இரண்டு!

“முள் பாதியானால் மீனும் பாதிதானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

பெரிய மோட்டார் படகுக்கு நிறைய இரை வேண்டும். தொட்டி பெரிது, ஆட்கள் பல பேர். கயாக்கில் ஒரே ஆள். நாலைந்து கானாங்கெளுத்தி போதும். மூன்று முள்ளை இரண்டு தடவை இறக்கினால் அது கிடைத்துவிடும். ஆறு மீனை ஒரே தடவையில் தூக்கி, சிக்கெடுக்கவே அரை மணி நேரத்தைக் கழிப்பதில் என்ன லாபம்?

வேலை சுலபமா?

கம்பு கண்ணாடி இழையால் ஆனது. வெட்டும் இடத்தில் முதலில் ஒட்டுத் துணியை இறுக்கிச் சுற்றுகிறார்கள். இல்லாவிட்டால் இழை பிளந்துவிடும். பொடிப் பல் ரம்பத்தால், கம்பை மெல்ல உருட்டி உருட்டி அறுக்கிறார்கள். பிறகு உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்க்கிறார்கள். உள் ஓரம் கூராக இருந்தால் நரம்பை அறுத்துவிடும். கண்ணாடி இழைத் தூள் மூச்சில் போகாதபடி மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம்.

நுனியை வெட்டினால் கம்பு அங்கே தடிமனாக இருக்கும். பழைய புனல் பொருந்தாது. அதற்குத் தக்க புனல் வாங்க வேண்டும். அல்லது நூல் சுற்றிப் பசை வைத்துப் பொருத்த வேண்டும். வாய் அகன்றுவிடுவதால் முட்கள் தடையில்லாமல் போய் வரும். அது ஒரு லாபம்.

ஒரு நஷ்டமும் உண்டு. நுனி போனால் கம்பின் வளைவு குறையும். விறைப்பான கம்பை வேகமாகத் தூக்கினால் கானாங்கெளுத்தியின் மெல்லிய வாய் கிழிந்துவிடும். ஆகையால் வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாகச் சுற்ற வேண்டும்.

இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் கம்பும் கடையில் கிடைக்கும். ஆனால் இணைப்பு இருக்கும் இடத்தில் முட்கள் மாட்டிக்கொள்ளக்கூடும். ஒரே துண்டாக இருந்தால் உள்ளே வழுவழுப்பாக இருக்கும்.

வெட்ட மனமில்லாதவர்களுக்கு

காசு கொடுத்து வாங்கிய கம்பை அறுக்க எல்லோருக்கும் மனம் வருவதில்லை. அவர்களுக்கும் வழி இருக்கிறது.

ஒன்று: சாதாரணக் குட்டைக் கம்பு ஒன்றை எடுத்துக்கொள்வது. தண்ணீர்க் குழாய்க்குப் போர்த்தும் நுரை உறை கடையில் விற்கிறது. அதில் ஒரு துண்டைக் கம்பின்மேல் மாட்டி, முட்களை அதில் குத்தி வைப்பது.

இரண்டு: கம்பே இல்லாமல் கைத்தூண்டில் போடுவது. ஒரு சிறு பலகையில் நரம்பைச் சுற்றி, முட்களைப் பலகை ஓரத்தில் செருகி வைப்பது. நம் மீனவர்களுக்குக் கைத்தூண்டில் புதிது அல்ல. கம்பைப் போல இடம் அடைக்காது. ஆனால் நரம்பைக் கையால் இழுக்கும்போது, இழுத்த நரம்பும் முட்களும் மடியில் வந்து விழும். அங்கேதான் பழக்கம் வேண்டும்.

எந்த வழியானாலும் குறிக்கோள் ஒன்றுதான். வேலை இல்லாத முள் வெளியே இருக்கக் கூடாது!

கட்டிப் போடு, கழுவி வை

கயாக்கில் போகிறவர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ‘கட்டாத சாமான் கடலுக்குச் சொந்தம்’ என்பதே அது.

குட்டைக் கம்பின் பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறு முனையைப் படகில் கட்டுகிறார்கள். கம்பை நட்டு வைக்கும் குழலை முதுகுக்குப் பின்னால் வைப்பதில்லை. உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில், பக்கவாட்டில் வைக்கிறார்கள். பனிக் கடல் வேட்டைக்காரன் ஈட்டியை வைத்துக்கொண்டது போலத்தான்!

முள்ளின் முனையில் உள்ள எதிர்ப்பல்லைக் குறட்டால் நசுக்கிவிடுவது இன்னொரு பாதுகாப்பு. மீனும் சுலபமாகக் கழலும். தவறிக் கையில் குத்தினாலும் சுலபமாக வெளியே வரும்.

முள்ளை வெட்டுகிற குறடு ஒன்றும் மிதவைச் சட்டையில் தொங்க வேண்டும். கையில் முள் ஏறிவிட்டால் முதல் வேலை, மீனுக்கும் கைக்கும் நடுவே உள்ள நரம்பை வெட்டிவிடுவது. ஆழமாக ஏறிய முள்ளைக் கடலில் வைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்காமல், கரைக்கு வந்து டாக்டரிடம் காட்ட வேண்டும். ஜன்னி வராமல் இருக்க ஊசி தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குழாய்க் கம்பின் உள்ளே கடல் தண்ணீர் போயிருக்கும். அது காய்ந்தால் உப்புப் படியும். உள்ளே ஒளிந்த முட்கள் துருப் பிடிக்கும். அடுத்த தடவை மாலை வெளியே வராது. ஆகவே மாலையை வெளியே எடுத்துவிட்டு, புனல் வழியாக நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு தலைகீழாக நிறுத்தி உலர விட வேண்டும்.

பிடித்த இரை பிழைக்க வேண்டுமே!

கானாங்கெளுத்தி சும்மா நிற்கிற மீன் அல்ல. ஓயாமல் நீந்தினால்தான் அதன் செவுள் வழியாகத் தண்ணீர் ஓடும். நின்றால் மூச்சு முட்டும். அதைக் கையால் இறுக்கிப் பிடித்தால் உடம்பின் வழவழப்புப் போய்விடும், சீக்கிரம் செத்துவிடும்.

ஆகவே மீனைக் கையால் தொடாமலே கழற்றுகிறார்கள். வளைந்த கம்பி ஒன்றை முள்ளில் மாட்டித் திருப்பினால், மீன் தானே நழுவித் தொட்டியில் விழும். கை முள்ளுக்குப் பக்கத்திலேயே போவதில்லை. மீனுக்கும் நல்லது, மனிதனுக்கும் நல்லது!

தொட்டியிலும் அளவு பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 30 லிட்டர் தொட்டி என்றால் 30 கிலோ பாரம்! ஒரு சிறு பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்தது போல. அதுவும் சும்மா உட்காராத பிள்ளை. படகு சாயும் பக்கமெல்லாம் தண்ணீரும் சாயும். அதனால் தொட்டியைத் தாழ்வாக, படகின் நடுக் கோட்டில் கட்டுகிறார்கள். சிறு பாட்டரியால் ஓடும் பம்பு, புதுத் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். தொட்டியின் மூலைகள் உருண்டையாக இருந்தால் மீன் மூலையில் முட்டிக்கொண்டு நிற்காது.

இரையைப் பெரிய தூண்டிலில் மாட்டி விட்ட பிறகும் நிச்சயம் இல்லை. கடல் சிங்கம் என்ற மிருகம் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரையையும் பறிக்கும், மாட்டிய பெரிய மீனையும் பறிக்கும். அதனால்தான் தொட்டியில் இரண்டொரு மீன் கையிருப்பு வேண்டும் என்கிறார்கள்.

விரலுக்குத் தகுந்த வீக்கம்

மஞ்சள் வால் மீனோடு மல்லுக்கட்டுவது பெரிய கம்பு. போட்டோவில் நிற்பதும் பெரிய கம்புதான். குட்டைக் கம்பை யாரும் போட்டோ எடுப்பதில்லை. காலையில் பத்து நிமிஷம் வேலை செய்துவிட்டு, அது படகின் வயிற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஆனால் அந்தப் பத்து நிமிஷம் இல்லாவிட்டால் போட்டோவே இல்லை!

பெரிய படகுக்கு எட்டடிக் கம்பும் ஆறு முள்ளும் பொருத்தம். அதில் குற்றம் இல்லை. அதையே இரண்டரை அடி அகலப் படகில் உட்கார்ந்து தூக்கினால் ஆபத்து. கம்பில் மூன்று அடியும் மாலையில் மூன்று முள்ளும் போனது நஷ்டம் போலத் தோன்றும். அதற்குப் பதிலாகக் கிடைத்தது முழுக் கை, கவிழாத படகு, வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நிம்மதி.

வட துருவத்து இனூயிட் வேட்டைக்காரன் தன் உடம்பை அளந்து படகு செய்தான். கலிபோர்னியாக்காரர்கள் தங்கள் கையை அளந்து கம்பை வெட்டுகிறார்கள்.

“விரலுக்குத் தகுந்த வீக்கம்” என்று நம் பாட்டி சொன்னதும் இதைத்தானே!